கூரைத் தண்ணீர் விழும் இடம்

அன்றைக்கு அந்த வயலில் நின்றவர்களை இன்றைக்கும் ஒருவர் விடாமல் என்னால் சொல்ல முடியும். எங்கள் பக்கத்தில் அப்பா, அம்மா, மாமா, தம்பி, நான். டெனிஷ்காரர் பக்கத்தில், அகழாய்வுக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணி. அவருக்குக் கீழே ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெடியனும் ஒரு பெட்டையும். அப்பாவைப் போலவே நகரசபை அனுப்பிவைத்த, முழங்கால் பழுதான ஒரு முன்னாள் லொறிச் சாரதி. என் வகுப்பில் எனக்கு முன்மேசையில் இருந்த ஒருத்தியும் அவளுடைய தாயும். மிச்சம் ஊர்ச்சனம், நாயும் பிள்ளைகளும் கோப்பிப் போத்தலுமாக வந்தவர்கள். மண்ணுக்குள் கிடந்தவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

வெட்கப்பட்ட இடத்தில் மனிதருக்கு ஞாபகம் நிற்பது யார் யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதுதான் போலிருக்கிறது. அன்று காற்று அடித்ததா, வெயில் எறித்ததா என்று கேட்டால் நான் தடுமாறுவேன். முன்மேசைக்காரியின் தாய் எந்த நிறத்தில் கழுத்துத்துணி சுற்றியிருந்தார் என்று கேளுங்கள், உடனே சொல்வேன். கடுகு மஞ்சள்.

அப்போது நாங்கள் விபோர்க் என்ற டெனிஷ் நகரத்தில் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா வேலை செய்த பன்றி இறைச்சித் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மூடிய பிறகு வீட்டுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. கொம்யூன் என்று நாங்கள் சொல்கிற நகரசபைக் கந்தோரிலிருந்து வரும் அந்தக் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்துவது என் வேலை. அம்மாவுக்கு டெனிஷ் காதுக்குள் போகும், வாயால் வராது. அப்பாவுக்கு வாயால் வரும், ஆனால் பன்றி சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கவேண்டும். ஆகவே உதவிப்பணம் நிறுத்தப்படும் என்பதற்கான டெனிஷ் சொல் எனக்குத் தெரிந்திருந்தது. என் வகுப்பில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது, அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. கதவுத் துவாரத்தால் கடிதம் விழுகிற சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்புவேன். இப்போது கடிதங்கள் எல்லாம் தொலைபேசிக்குள் வருகின்றன. எழும்புகிற பழக்கம் மட்டும் மாறவில்லை.

அப்படி வந்த ஒரு கடிதத்தில்தான் அப்பாவை மியூசியத்துக்குப் போகச் சொல்லியிருந்தது. வேலை இல்லாதவர்கள் சும்மா இருக்கக்கூடாது என்று கொம்யூன் எங்காவது அனுப்பும். போகாவிட்டால் நான் மேலே சொன்ன அந்தச் சொல். மியூசியம் என்றதும் அம்மா அப்பாவின் நல்ல சேட் ஒன்றை மினுக்கிக் கொடுத்துவிட்டார். பின்னேரம் அப்பா முழங்கால்வரை சேறாக வந்து நின்றார்.

"உங்களுக்கு என்ன வேலை தந்தவை?" என்று அம்மா வாசலிலேயே கேட்டார்.

"சேர்ச் ஒண்டைக் கிண்டுறம்."

"சேர்ச்சை ஏன் கிண்டுவான்? இடிச்சுப்போட்டினமோ?"

"அது எத்தினையோ நூறு வருஷத்துக்கு முந்தி இடிஞ்சது. கல்லையும் கழட்டிக்கொண்டு போட்டினம். இப்ப வெறும் வயல்தான்."

"பேந்து அங்க என்ன கிடக்கு கிண்ட?"

அப்பா ஒரு சப்பாத்தைக் கழற்றி மற்றதில் கை வைத்தபடி, "ஆக்கள்" என்றார்.

அதோடு அப்பாவுக்கு வீட்டுக்குள் நேரே வருகிற உரிமை போய்விட்டது. சவக்காலைக்குள் நின்றுவிட்டு வருகிறவர் முழுகாமல் படி ஏறக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஊரில் கிணற்றடி இருந்தது, அந்தச் சட்டம் நடந்தது. விபோர்க்கில் எங்களுக்கு இருந்தது தோட்டத்துக் குழாய். இலை உதிர்காலத்துப் பின்னேரங்களில், சாரத்தைக் கட்டிக்கொண்டு, வேலி ஓரமாக நின்று, அப்பா பல்லைக் கடித்தபடி தலையில் தண்ணீர் பிடிப்பார். அம்மா துவாயோடு கதவடியில் நிற்பார். பக்கத்து வீட்டு டெனிஷ் மூதாட்டி இரண்டு மூன்று நாள் யன்னலால் பார்த்துவிட்டு, ஒருநாள் என்னை மறித்து, உங்கள் குளியலறை பழுதா பிள்ளை என்று மெதுவாகக் கேட்டார். நான் ஓம் என்றேன். மறுநாள் ஒரு குழாய் திருத்துபவரின் தொலைபேசி இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கொண்டுவந்து தந்தார். நல்ல மனிசி. அந்த வீட்டுப் பக்கமாக நடக்கிறதை நான் விட்டுவிட்டேன்.

மாமாவுக்கு இது எல்லாம் பெரிய கொண்டாட்டம். மாமா அம்மாவின் தம்பி. கோல்டிங் என்ற இன்னொரு நகரத்தில் இருந்தார், சனிக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்துவிடுவார். அவர் பகிடி விடாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை.

"அத்தான், அந்தச் செத்தவீட்டுக்காரரே போய்ச் சேந்து எண்ணூறு வருஷம். அவையின்ர துடக்குக்கு நீங்கள் ஏன் முழுகிறியள்?"

"உன்ர கொக்காவைக் கேள்."

"அக்கா, உவர் காய்ச்சல் வந்து கட்டிலில கிடந்தா, கொம்யூனுக்கு என்னெண்டு எழுதுவியள்? ஆவி அடிச்சிட்டுதெண்டோ?"

அம்மா துவாயால் மாமாவுக்கு ஒரு வீச்சு வீசுவார். அப்பா நடுங்கிக்கொண்டே சிரிப்பார்.

ஆனால் அப்பாவுக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. பன்றித் தொழிற்சாலையில் இருந்து வருகிறபோது அவர் கதைப்பதில்லை. இப்போது சாப்பிடும்போது கதைத்தார். ஒருநாள் முழுக்க ஒரு சாண் நிலத்தைச் சிறு கரண்டியால் சுரண்டியதை, அதிலிருந்து ஒரு ஊசி வந்ததை, அந்த ஊசியைப் பொறுப்பாளர் பெண்மணி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் கூப்பிட்டதைச் சொன்னார். காலையில் ஒரு பெட்டிப் பால் வாங்கிக்கொண்டு போய், சக்கரம் பூட்டிய தகரக் குடிலுக்குள் இஞ்சி தட்டிப் போட்டு எல்லாருக்கும் தேத்தண்ணீர் வைப்பாராம். பத்து மணி ஆனால் லொறிச் சாரதி கோப்பையை நீட்டிக்கொண்டு நிற்பாராம். எலும்புகளைப் பற்றி மட்டும் அவர் அதிகம் சொல்லவில்லை. அம்மா இருந்ததால் என்று நான் நினைத்தேன்.

பிறகு ஒருநாள் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். மியூசியத்துப் பண்டகசாலையில், தோண்டி எடுத்ததுகளைக் கழுவிப் பெட்டியில் அடுக்கிவைக்க நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டுமாம். பொறுப்பாளர் அப்பாவைத்தான் கேட்கப்போகிறாராம். திங்கட்கிழமை எழுதிக் கொடுப்பாராம்.

"நிரந்தரமோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓமப்பா. என்னோட வேலை செய்யிற லொறிக்காரரையும் யோசிச்சவை. ஆனா என்னைத்தான் விருப்பமாம்."

அம்மா சாமிப்படத் தட்டைப் பார்த்தார். நான் வேறு ஒன்றை நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் தகப்பனுக்கு என்ன வேலை என்று கேட்கிறபோது, மற்றப் பிள்ளைகள் சொல்லி முடியும்வரை நான் மேசைக்குக் கீழே பென்சில் தேடுவது வழக்கம். இனித் தேடத் தேவையில்லை. மியூசியத்தில் என்று சொல்லலாம். அந்த வசனத்தை டெனிஷில் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். திங்கட்கிழமைக்கு இடையில் ஒரு சனிக்கிழமைதான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஊரார் எல்லாரும் வந்து அகழாய்வைப் பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். விருப்பம் எண்டால் நீங்களும் வாங்கோவன் என்று அப்பா தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார், யாருக்குச் சொல்கிறார் என்று தெரியாத மாதிரி. தொழிற்சாலையில் இருந்த அத்தனை வருஷத்தில் அவர் எங்களை ஒருநாளும் வரச் சொன்னதில்லை. அம்மா முதலில் மாட்டேன் என்றார். பிறகு பழைய சப்பாத்து ஒன்றை எடுத்து, திரும்பி வந்ததும் எறிந்துவிடலாம் என்று ஒரு முடிவுக்கு வந்தார். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு என்று ரோல்ஸ் பலகாரமும் பொரித்து எடுத்துக்கொண்டார். "நீங்கள் ஒருத்தரும் அங்க வாயில வைக்கப்படாது" என்று எங்களுக்கு உத்தரவு. டெனிஷ்காரர் சவக்காலையில் நின்று சாப்பிடலாம், அது அவர்களுடைய பாடு.

அப்பா விடியவே சைக்கிளில் போய்விட்டார். குழிகளை மூடியிருக்கிற பிளாஸ்டிக் விரிப்புகளை அவர்தான் போய்க் கழற்றவேண்டும். நாங்கள் மாமாவின் காரில் பிறகு போனோம்.

அறுவடை முடிந்த பார்லி வயல். அதன் நடுவில் கரிய மண்ணாக ஒரு சதுரமும், அதோடு ஒட்டினாற்போல் ஒரு சின்னச் சதுரமும். சுவர் இருந்த இடத்தில் வயற்கற்கள் ஒரு வரிசையாகக் கிடந்தன. அவ்வளவுதான். தம்பிக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. சேர்ச் எங்கே, சேர்ச் எங்கே என்று டெனிஷில் கத்தினான்.

"அதுக்குள்ளதானடா நிக்கிறாய்" என்றார் மாமா. "கும்பிட்டுக்கொள்."

அப்பா செம்மஞ்சள் மேலங்கியோடு வந்தார். முதுகில் மியூசியம் என்று எழுதியிருந்தது. நான் அந்த எழுத்தையே பார்த்தேன். அவர் எங்களைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார். அங்கேதான் எனக்கு முதல் வெட்கம். தம்பி கல்வரிசையைத் தாண்டிக் குதிக்கப் போக, அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உதால வராதை. உது சுவர். இஞ்சால வா, இதுதான் வாசல்."

கணுக்கால் உயரம்கூட இல்லாத சுவர். டெனிஷ்காரப் பிள்ளைகள் அதன்மேல் ஏறி நின்று விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்பா சுற்றி நடந்து, கல் இல்லாத இடைவெளியைக் காட்டி, அதற்குள்ளால் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா குனிந்து நுழைந்தார். மேலே ஒரு நிலையும் இல்லாத வெளியில், தலை முட்டும் என்பதுபோலக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து முன்மேசைக்காரியும் தாயும் வந்து சேர்ந்தார்கள். நான் சட்டென்று கல்லைத் தாண்டிக் குறுக்கே போய், எங்கள் ஆட்கள் இல்லாத பக்கமாக நின்றுகொண்டேன்.

பொறுப்பாளர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு நடந்தபடி விளக்கம் சொன்னார். மெலிந்த உயரமான பெண். நகத்துக்குள் எல்லாம் மண். மாமா அவருக்கு எலும்பு மனிசி என்று பெயர் வைத்திருந்தார். அவர் சொல்வதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லும்படி அப்பா என்னைக் கூப்பிட்டுவிட்டார். தப்ப வழியில்லை. சின்ன ஊர், சின்னக் கோவில். பிறகு ஊரில் ஆட்கள் குறைந்து, இரண்டு ஊருக்கு ஒரு சேர்ச் போதும் என்று இதைக் கைவிட்டு, கல்லைத் தூணுக்கும் தொழுவத்துக்கும் எடுத்துப் போய்விட்டார்கள். எல்லாரையும் தலை மேற்கே இருக்கப் படுக்கவைத்திருக்கிறார்கள், எழும்பும்போது கிழக்கைப் பார்க்கவேண்டும் என்று. நான் சுருக்கிச் சுருக்கிச் சொன்னேன். அம்மா ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

வடக்குச் சுவருக்கு வெளியே வந்தபோது பொறுப்பாளர் நின்றார். சுவரை ஒட்டி, ஒரு முழத் தூரத்துக்குள், சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருந்தன.

"இவை குழந்தைகள்" என்றார். "ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னால் இறந்தவர்கள் என்று நினைக்கிறோம். அப்படிப்பட்ட குழந்தைகளைப் புனித நிலத்தில் அடக்கம் செய்ய விடமாட்டார்கள். ஆனால் தாய்தகப்பன் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஏன் இவ்வளவு கிட்ட, சுவரோடு? கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிற இடம் இது. கோவில் கூரையைத் தொட்டு வருகிற தண்ணீர் பிள்ளையில் படட்டும் என்று."

இதையும் சொன்னேன். "கூரைத்தண்ணி அதுகளில படட்டும் எண்டு இதில தாட்டவையாம்."

இந்த முறை அம்மா ம் போடவில்லை. "எத்தினை மாசப் பிள்ளையள் எண்டு கேள்" என்றார்.

கேட்டேன். மாதம் இல்லை, நாள் கணக்கு என்றார் பொறுப்பாளர்.

கடைசிக் குழி மட்டும் இன்னும் மூடியிருந்தது. அதுதான் நல்லபடியாகக் கிடைத்த எலும்புக்கூடு, இப்போது காட்டுகிறேன் என்று அவர் முழந்தாளிட்டுப் பிளாஸ்டிக்கை உயர்த்தினார். சனம் நெருங்கிக் குனிந்தது.

கறுத்த மண்ணில், கோழிக்குஞ்சினது போன்ற விலா எலும்புகள். அவற்றின் இடையில் எல்லாம் வெள்ளையாக ஏதோ நின்றது. மண்டையோட்டின் பக்கத்தில் சிறு குளம் மாதிரித் தேங்கியிருந்தது. பூஞ்சணம் என்று ஓகூஸ் பெட்டை சொன்னாள். சுண்ணாம்பு என்றான் பெடியன். பொறுப்பாளர் ஒரு விரலால் தொட்டு மணந்து பார்த்தார்.

"பால்" என்றார்.

யாரோ சிரித்தார்கள். கிறிஸ்மஸ் இரவில் வீட்டுக் குட்டிப்பூதத்துக்குக் கஞ்சி வைக்கிறதுதான் தெரியும், பால் வைக்கிறதைக் கேள்விப்படவில்லையே என்று ஊர்க்கிழவர் ஒருவர் சொல்ல, இன்னும் கொஞ்சப் பேர் சிரித்தார்கள். பூனையாக இருக்குமோ என்று முன்மேசைக்காரியின் தாய் கேட்டார். பூனை பால் குடிக்கும், கொண்டுவந்து ஊற்றாது என்று மகள் சொன்னாள். அந்த வயலுக்குப் பால் கொண்டுவருகிறவர் யார் என்பது அங்கே வேலை செய்த எல்லாருக்கும் தெரியும். லொறிச் சாரதி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பொறுப்பாளர் எழுந்து அப்பாவிடம் வந்து, மெதுவான டெனிஷில், "இது நீங்களா?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்து, "பிள்ளை, இஞ்ச வா" என்றார்.

ஊர்ச்சனத்தின் நடுவால், முன்மேசைக்காரியின் தோளை உரசிக்கொண்டு நான் போனேன். பொறுப்பாளர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். பரிசோதனைக்கு இந்தக் குழந்தையைத்தான் தெரிவுசெய்து வைத்திருந்ததாக அவர் சொன்னார். திங்கட்கிழமை ஓகூஸிலிருந்து ஒருவர் வந்து எலும்பில் ஒரு துளி எடுத்துப் பரிசோதிப்பதாக இருந்தது. இறப்பதற்கு முன் இந்தக் குழந்தை தாய்ப்பால் குடித்ததா என்று எலும்பை வைத்துக் கண்டுபிடிக்கலாமாம். "இப்போது இதில் எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் சொல்."

நான் சொன்னேன். வெட்கத்தில் என் குரல் தேவைக்கு மேலே உயர்ந்துவிட்டது, எல்லாருக்கும் கேட்டிருக்கும். "இது தாய்ப்பால் குடிச்சதோ எண்டு பாக்க இருந்தவையாம் அப்பா. இனிப் பாக்கேலாதாம்."

அப்பா அந்தக் குழியைப் பார்த்தார். பிறகு, "நான் வேணுமெண்டுதான்..." என்று தொடங்கினார். தொடங்கியவர் என் தலைக்கு மேலால் எதையோ பார்த்தார். நிறுத்தினார்.

"இல்லை. கைதவறி ஊத்துண்டு போச்செண்டு சொல்லு. தேத்தண்ணிக்குக் கொண்டு போகேக்க தடக்கிப்போட்டுது."

தேத்தண்ணீர் வைக்கிற தகரக் குடில் வயலின் மற்ற அந்தத்தில், ரோட்டோரமாக இருந்தது. பாலைத் தூக்கிக்கொண்டு ஒருவரும் இந்தப் பக்கம் வரத் தேவையில்லை. குழிக்கு வெளியே ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்கவில்லை. தடக்கி விழுந்தவர் பிளாஸ்டிக்கை எடுத்து, பாலை ஊற்றி, திரும்பவும் மூடிவிட்டா போனார்? பன்னிரண்டு வயது எனக்கே விளங்கியது. இருந்தாலும் மொழிபெயர்த்தேன்.

பொறுப்பாளர் என் முகத்துக்கு நேரே குனிந்தார். "நான் ஏசமாட்டேன் என்று அப்பாவிடம் சொல். எனக்குக் காரணம் தெரிந்தால் போதும். காரணம் இருந்தால் அதை நான் எழுதுவேன், அவருக்கு ஒன்றும் ஆகாது."

இதைவிட ஒருவர் எப்படிக் கதவைத் திறந்து வைக்கமுடியும்? நான் அப்பாவின் மேலங்கியைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. அவ ஒண்டும் செய்யமாட்டாவாம். ஏனெண்டு மட்டும் சொல்லட்டாம்."

"ஊத்துண்டு போச்சு. அவ்வளவுதான். பிழையெண்டு சொல்லு."

ஒரு வளர்ந்த மனிதர், பால் சிந்திய சின்னப்பிள்ளை மாதிரி, எல்லாருக்கும் தெரிந்த பொய்யை இரண்டாம் தரமும் சொன்னார். அதை என் வாயால் சொல்வித்தார். கடுகு மஞ்சள் கழுத்துத்துணி என்னைப் பார்த்து இரக்கமாகப் புன்னகைத்தது. அந்த இடத்திலேயே, அந்த வரிசையில் ஒரு குழி கிடைத்தால் நானும் போய்ப் படுத்துவிடலாம் என்று இருந்தது.

பொறுப்பாளர் தலையை ஆட்டினார். திங்கட்கிழமை வரவேண்டாம், நான் கொம்யூனோடு கதைத்துக்கொள்கிறேன் என்றார். அப்பா செம்மஞ்சள் மேலங்கியைக் கழற்றி, மியூசியம் என்ற எழுத்து உள்ளே போகும்படி மடித்து, ஓகூஸ் பெட்டையிடம் கொடுத்தார். பிறகு, என்னால் நம்பவே முடியவில்லை, வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அம்மா ரோல்ஸ் பெட்டியைத் தகரக் குடிலின் படியில் வைத்துவிட்டுக் காரடிக்குப் போனார். சைக்கிளை மாமா காருக்குப் பின்னால் கட்டினார்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. கவனம் தேவைப்படும் வேலைக்கு ஏற்றவர் அல்ல என்று எழுதியிருந்தது. அதை நான்தான் வாசித்தேன், நான்தான் தமிழில் சொன்னேன். பண்டகசாலை வேலை லொறிச் சாரதிக்குக் கிடைத்ததாக அப்பா பிறகு கேள்விப்பட்டார். அந்த மனிசனுக்கும் முழங்கால் ஏலாதுதானே என்றார். அப்பாவுக்குக் கந்தோர்கள் கழுவுகிற வேலை கிடைத்தது, பல வருஷம் அதைத்தான் செய்தார். வீட்டுக்குள் நேரே வந்தார், குழாயடிக்குப் போகத் தேவையில்லாமல் போனது. நான் அவரோடு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கோபத்தால்தான் கதைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு வேலைக்குப் போன பிறகும், எங்காவது பால் சிந்தினால் என் காது சூடாகும்.

எனக்கு முதல் பிள்ளை பிறந்து, அது மார்பில் வாய் வைக்க மாட்டேன் என்று அழுத இரண்டாம் நாள், ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் இருந்த அம்மா சொன்னார். எனக்கு மூத்தவனாக ஒரு ஆண்பிள்ளை இருந்தானாம். ஊரில் சண்டைக்குள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது பிறந்தான். பால் இழுக்கத் தெரியாமலே இரண்டு நாள் கிடந்து போய்விட்டான். சின்னப்பிள்ளைகளை எங்கள் ஆட்கள் எரிப்பதில்லை, தாட்பார்கள். மறுநாள் போய் அந்த இடத்தில் பால் வார்ப்பார்கள். பள்ளிக்கூடச் சுவரோரமாகக் குழி வெட்டியது மாமா. அவருக்கு அப்போது பதினாறு வயது. அன்று இரவே ஷெல் விழத் தொடங்கி எல்லாரும் எழும்பி ஓடவேண்டி வந்தது. மறுநாள் பால் வார்க்க அங்கே யாரும் இல்லை. பிறகு ஒருநாளும் அந்தப் பக்கம் போகக் கிடைக்கவில்லை.

"அப்பாவும் நானும் அவனைப் பற்றி ஒருநாளும் கதைச்சதில்லை" என்றார் அம்மா. "கதைச்சா நான் தாங்கமாட்டன் எண்டு அவருக்குத் தெரியும்."

அப்பா அன்றைக்கு என் தலைக்கு மேலால் பார்த்தது அம்மாவை. காரணத்தைச் சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்கும். ஆனால் அதை அவர் முதலில் எனக்குச் சொல்லவேண்டும். நான் அதை அந்த உயர்ந்த குரலில், அத்தனை சனத்துக்கும், டெனிஷில் சொல்வேன். அம்மா நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அப்பா தடக்கி விழுந்தவராகவே இருந்துவிட்டார்.

அன்று காரில் திரும்பி வந்ததை மட்டும் இன்னும் சொல்லவில்லை. மாமா ஓட்டினார், அப்பா முன்னால் இருந்தார், பின்னால் நடுவில் அம்மா, இரண்டு பக்கமும் நாங்கள். எவரும் என்னைக் காணக்கூடாது என்று நான் யன்னலுக்குக் கீழே சரிந்து கிடந்தேன். மாமா ஏதாவது பகிடி விடுவார், அதோடு நான் வாய்விட்டு அழலாம் என்று காத்திருந்தேன். மாமா வாய் திறக்கவில்லை.

வயல்கள் முடிந்து வீடுகள் தொடங்குகிற இடத்தில் அம்மா முன்னுக்குச் சாய்ந்து, அப்பாவின் இருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சேருங்கோ. பால் போதுமா இருந்ததோ?"

"காணும்" என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்தபடி. "தலைமாட்டில இருந்து கால்மாடு மட்டும் வாத்தனான்."

அம்மா அப்படியே இருந்தார், கையை எடுக்கவில்லை. மாமா காரை மெதுவாக்கி, ஒருவரும் பின்னால் வராத ரோட்டில், ஓரமாக நிறுத்தினார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. வேலை போய்விட்டது, மானம் போய்விட்டது, இவர்கள் பாலைப் பற்றிக் கதைக்கிறார்கள்.

"கடை இன்னும் பூட்டேல்லை" என்றேன். "போற வழியில ஒரு பெட்டி வாங்கலாம்தானே."